ரேடார் டிடெக்டரா, செயலியா, வேக வரம்பியா: அபராதத்தைத் தவிர்க்க எதை நம்பலாம்?

நண்பர் ஒருவருடைய காரில் நீண்ட தூரம் போகவேண்டியிருந்தது. முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கறுப்புப் பெட்டியை ரப்பர் குமிழ்களால் ஒட்டியிருந்தார். ரேடார் டிடெக்டர். காவலர்களின் ரேடார் அலை எங்கிருந்தாவது வந்து பட்டால் கீச்சென்று கத்தி, சிவப்பு விளக்கை மின்ன வைக்கும். இரண்டு மணி நேரத்தில் அது பதினேழு முறை எச்சரித்தது. எண்ணிக்கொண்டே வந்தேன்.

முதல் முறை நண்பர் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். சாலையோரத்தில் காவலர் எவரும் இல்லை. ஒரு பெரிய அங்காடியின் தானியங்கிக் கதவு, ஆட்கள் வரவரத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அடுத்த முறை, பக்கத்துத் தடத்தில் வந்த புதிய காரின் பின்மூலையில் இருந்த சென்சார். அதற்கடுத்ததும் அப்படித்தான். எட்டாவது, ஒன்பதாவது முறைக்கெல்லாம் அவர் காலை அசைக்கவே இல்லை. பிறகு, பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று சத்தத்தையும் அடக்கிவிட்டார். பதினேழாவது முறை விளக்கு மட்டும் மின்னியது. வளைவைத் தாண்டினோம். காவல் வாகனம் நின்றுகொண்டிருந்தது.

அபராதச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி, "அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை" என்றார். கருவியில் எந்தப் பழுதும் இல்லை. செய்யவேண்டிய வேலையைச் செய்தது. ஆனாலும் அவருக்கு அது உதவவில்லை. ரேடார் டிடெக்டர் வாங்கலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் அந்தப் பதினேழாவது மின்னல்தான் நினைவுக்கு வருகிறது.

கேட்பவர்களில் பலர் எந்த நிறுவனத்தின் கருவி நல்லது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ளவேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் ஓட்டும் சாலையில் வேகத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

அந்தப் பெட்டி கேட்பது எதை?

காவலர் கையில் இருக்கும் ரேடார் துப்பாக்கி நுண்ணலைகளை அனுப்புகிறது. ஓடிவரும் காரில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு இது. 24.15 கிகாஹெர்ட்ஸ் அலையை நோக்கி ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், திரும்பும் அலையில் ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். அந்தக் கூடுதலைக் கணக்கிட்டால் வேகம் கிடைத்துவிடும்.

டிடெக்டர் என்பது இந்த அலைகளைக் கேட்கும் வானொலிப் பெட்டிதான். எக்ஸ் எனப்படும் அலைவரிசைப் பட்டை 10.5 கிகாஹெர்ட்ஸ் அருகே, கே பட்டை 24 அருகே, கேஏ பட்டை 33.4 முதல் 36 வரை. இந்த மூன்றையும் அது ஓயாமல் துழாவிக்கொண்டே இருக்கும். காவலர் நம்மை அளப்பதற்கு முன்பே அது எப்படி அறிந்துகொள்கிறது என்று சிலர் வியக்கிறார்கள். கும்மிருட்டில் ஒருவர் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு எதிரே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வெளிச்சம் நமக்கு வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். அவருக்கு நம் முகம் தெரிய வேண்டுமானால், அந்த வெளிச்சம் நம்மிடம் வந்து, பட்டு, அவர் கண்ணுக்குத் திரும்பிப் போகவேண்டும். ரேடாரும் அப்படியே. நம்மை வந்தடையும் அலையின் வலு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. துப்பாக்கிக்குத் திரும்பிப் போகும் அலையோ நான்குமடிக்கு ஏற்பக் குறைகிறது. திறந்த சமவெளியில் ஒரு நல்ல டிடெக்டர் கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே எச்சரிப்பது இதனால்தான். விளம்பரத்தில் சொல்வது இந்த அளவுக்கு உண்மை.

இந்தக் கருவி பிறந்து வளர்ந்த காலத்தையும் சொல்லவேண்டும். 1974இல் அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் என்ற உச்ச வேகத்தை விதித்தது. அகன்று நீண்ட நெடுஞ்சாலைகளில் அது பலருக்குப் பொறுக்க முடியாத மெதுவாகத் தோன்றியது. டிடெக்டருக்குச் சந்தை விரிந்தது அப்போதுதான். அன்று காவலர்கள் ரேடாரை இயக்கிவிட்டு அணைக்காமலே வைத்திருப்பார்கள். அலை எந்நேரமும் சாலையில் பாய்ந்துகொண்டிருக்கும். கேட்கும் பெட்டிக்கு அதைவிட எளிய வேலை கிடையாது. 1992இல் வந்த வாலன்டைன் ஒன் என்ற கருவி, அலை முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்று அம்புக்குறி போட்டே காட்டியது. கருவி நுட்பமாகிக்கொண்டே போனது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் அளப்பவர்களும் சும்மா இருக்கவில்லை.

அதன் காதில் விழாதவை

முதலில் லேசர். இன்று பல நாடுகளில் கையடக்க லேசர் துப்பாக்கிகள் பரவலாகப் பயன்படுகின்றன. 904 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணிக்கும் கருவி அது. ரேடார் கற்றை 300 மீட்டர் தொலைவில் அறுபது மீட்டர் அகலம்கூட விரிந்து சாலை முழுவதையும் நனைக்கும். லேசர் கற்றையோ அதே தொலைவில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் இருக்கும். காவலர் அதை உங்கள் முன் எண் பலகையிலோ முகப்பு விளக்கிலோ குறிவைப்பார், ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும் இடங்கள் அவை. முன்கண்ணாடியின் உச்சியில் ஒட்டியிருக்கும் டிடெக்டருக்கு அந்த ஒளி எட்டாமலே போகலாம். எட்டினாலும் பயன் குறைவு. லேசர் துப்பாக்கிக்கு வேகத்தைக் கணிக்க அரை விநாடிகூட வேண்டாம். பெட்டி கத்தி, நீங்கள் கேட்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் எண் திரையில் வந்துவிட்டிருக்கும். டிடெக்டரில் வரும் லேசர் எச்சரிக்கை, அபராதம் வரப்போவதை ஒரு நிமிடம் முன்னதாகத் தெரிவிக்கும் செய்தியாகவே பெரும்பாலும் முடிகிறது. உங்களுக்கு முன்னால் போகும் காரைக் குறிவைத்து, சிதறிய ஒளி உங்களை எட்டினால் மட்டுமே அது நல்வாய்ப்பு.

இரண்டாவது, ரேடாரையே பயன்படுத்தும் விதம் மாறிவிட்டது. அனுபவமுள்ள காவலர் துப்பாக்கியை அணைத்தே வைத்திருப்பார். வேகமாக வருவதாகக் கண்ணுக்குத் தோன்றும் கார் நெருங்கியதும் ஒரு நொடி மட்டும் அழுத்துவார். உங்களுக்கு முன்னால் அரைக் கிலோமீட்டரில் வேறொரு கார் போய், அதன்மேல் அவர் அழுத்தியிருந்தால் உங்கள் பெட்டி கத்தும், தப்பலாம். சாலையில் நீங்கள் தனியாகப் போனால் முதல் அலையே உங்கள்மேல்தான் படும். நள்ளிரவில் வெறிச்சோடிய சாலையில், வேகமெடுக்க மனம் மிகவும் ஆசைப்படும் அந்த நேரத்தில், டிடெக்டர் மிகக் குறைவாகவே உதவுகிறது. இதை வாங்குபவர்களுக்கு விற்பவர்கள் சொல்வதில்லை.

மூன்றாவது வகைக்கு அலையே கிடையாது. சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்களும் அழுத்த உணரிகளும் சக்கரம் ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்கு வரும் நேரத்தைக் கொண்டு வேகத்தை அளக்கின்றன. கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. காவல் வாகனம் உங்கள் பின்னாலேயே அதே வேகத்தில் வந்து தன் வேகமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழைய முறையும் பல இடங்களில் இன்னும் செல்லும்.

இவை எல்லாவற்றையும்விட, டிடெக்டரின் பயனை அடியோடு குறைத்தது சராசரி வேகக் கேமரா என்பேன். நெதர்லாந்தில் 1997 முதலும் இத்தாலியில் 2005 முதலும் இது நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலைகளிலும் சாலைப் பணி நடக்கும் இடங்களிலும் சாதாரணமாகப் பார்க்கலாம். ஓரிடத்தில் ஒரு கேமரா எண் பலகையைப் படம்பிடிக்கும், பல கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று மீண்டும் படம்பிடிக்கும். இடையில் ஆன நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 100 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் பத்துக் கிலோமீட்டரைக் கடக்க ஆறு நிமிடம் ஆகவேண்டும். ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தால் சராசரி 120. கேமராவைக் கண்டதும் பிரேக் பிடித்து, தாண்டியதும் பாய்வது இதனிடம் செல்லாது.

அத்தனைக்கும் மேலே பொய் எச்சரிக்கை. அங்காடிகளின் தானியங்கிக் கதவுகளும், கார்களின் மறைபகுதி கண்காணிப்பு சென்சார்களில் பலவும் அதே 24 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் பேசுகின்றன. அண்மையில் வரும் கார்களில் பல 77 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவருவது ஆறுதல். விலை கூடிய டிடெக்டர்கள் ஜிபிஎஸ் துணையோடு, தினமும் ஒரே இடத்தில் கத்தவைக்கும் கதவை நினைவில் வைத்து அங்கே வாயை மூடிக்கொள்கின்றன. ஓடும் காரின் சென்சாரை அப்படி நினைவில் வைக்க முடியாது. புலி வருகிறது, புலி வருகிறது என்று கத்திய சிறுவனின் கதை நமக்கெல்லாம் தெரியும். என் நண்பர் சத்தத்தை அடக்கியது சோம்பலால் அல்ல. பதினாறு முறை ஏமாந்த எந்த மனிதரும் அதைத்தான் செய்திருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஊருக்கு ஊர் நிலைமை தலைகீழாக மாறுகிறது. அமெரிக்காவில் சொந்தக் காரில் டிடெக்டர் வைத்துக்கொள்வது பெரும்பாலும் குற்றமல்ல. வர்ஜீனியா மாநிலத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் தடை. 10,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வணிக வாகனங்களில் பயன்படுத்துவதை நாடு முழுவதற்குமான மத்திய அரசு விதி தடுக்கிறது. ஆகவே லாரி ஓட்டுநருக்கு இந்தக் கேள்வியே எழாது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் ஆகிய மூன்று மாகாணங்களில் வைத்திருக்கலாம். ஒன்டாரியோவில் பிடிபட்டால் அபராதத்தோடு கருவியும் பறிபோகும். பிரிட்டனில் வைத்திருப்பது குற்றமல்ல. பிரான்சில் 1,500 யூரோ வரை அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் ஆறு புள்ளி இழப்பும் நேரலாம், கருவியையும் எடுத்துக்கொள்வார்கள். அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் தடை. சுவிட்சர்லாந்தும் தடை செய்திருக்கிறது, கேமரா இருக்கும் இடங்களைக் காட்டும் ஜிபிஎஸ் எச்சரிக்கையையும் சேர்த்து. ஜெர்மனியில் ஓட்டும்போது இயக்கினால் 75 யூரோ அபராதம், ஓட்டுநர் பதிவில் ஒரு குற்றப்புள்ளி.

மறைத்து வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணமும் எடுபடாது. டிடெக்டர் ஒரு வானொலிப் பெட்டி என்றேன் அல்லவா, அதன் உள்ளே இருக்கும் அலையியற்றியிலிருந்து சிறிதளவு அலை வெளியே கசியும். அந்தக் கசிவைப் பிடிக்கவே ஸ்பெக்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. தடையுள்ள இடங்களில் காவலர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். கசிவைக் குறைத்துச் செய்த டிடெக்டர்களும் சந்தையில் உண்டு. ஆனால் மிகுவேகத்துக்கான சிறு அபராதத்திலிருந்து தப்புவதற்காக அதைவிடப் பெரிய குற்றத்தைக் காரில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவதில் எந்தக் கணக்கும் இல்லை.

எனவே முதல் வடிகட்டி இதுவே. நீங்கள் ஓட்டும் இடத்தில் தடை இருந்தால் மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை. எல்லை தாண்டி ஓட்டுபவர்கள் இரு பக்கச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜாமர் பற்றி

சிலர் ஒரு படி மேலே போய், ரேடாரையும் லேசரையும் குழப்பிவிடும் ஜாமர்களை விசாரிக்கிறார்கள். ரேடார் ஜாமர் அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படியே குற்றம். பிரிட்டனில் லேசர் ஜாமர் பயன்படுத்தியவர்கள் மீது, நீதி வழங்கலுக்கு இடையூறு செய்ததாக வழக்குப் பதிந்திருக்கிறார்கள், அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. வேண்டாம்.

கைபேசிச் செயலி

டிடெக்டர் செய்யும் வேலையில் பெரும்பகுதியைக் கைபேசி இலவசமாகவே செய்துவிடுகிறது. 2013இல் கூகுள் வாங்கிய வேஸ் செயலியில், முன்னால் போகும் ஓட்டுநர்கள் காவலர் நிற்கும் இடத்தைக் குறித்துவிடுகிறார்கள். கூகுள் மேப்ஸும் 2019 முதல் அந்த வசதியைப் பரவலாக்கியது. நிலையான கேமராக்களின் இருப்பிடமும் அவற்றில் பதிவாகியிருக்கும். கவனிக்கவேண்டிய வேறுபாடு இதுதான். செயலிக்கு, அளக்கும் கருவி ரேடாரா லேசரா கம்பிச் சுருளா என்பது ஒரு பொருட்டே அல்ல. மரத்தடியில் லேசர் துப்பாக்கியோடு நிற்பவரை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும். டிடெக்டர் காதே கேட்காத இடத்தில் செயலிக்குக் கண் இருக்கிறது.

குறையும் உண்டு. போக்குவரத்து அடர்ந்த சாலையில் செய்தி நிமிடக்கணக்கில் புதிதாக இருக்கும், ஆளரவமற்ற சாலையில் முன்னால் போய்ச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். காவலர் இடம் மாறிவிட்ட பிறகும் குறி அழியாமல் நிற்கும். பிரான்சில் செயலிகள் கேமராவின் துல்லியமான இடத்தைக் காட்டக்கூடாது. 'ஆபத்தான பகுதி' என்று நீளமான ஒரு பட்டையை மட்டுமே காட்டலாம். ஜெர்மனியில் 2020 முதல் ஓட்டுநர் இந்த வசதியைப் பயன்படுத்துவதையும் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. ஓட்டிக்கொண்டே கைபேசியைத் தொட்டுக் காவலர் இருப்பதைக் குறிக்க முயல்வது தனி ஆபத்து. பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும், அல்லது விட்டுவிடுங்கள்.

செயலியில் நான் மிக மதிப்பது வேறொரு மூலை. திரையின் ஓரத்தில் இந்தச் சாலையின் வேக வரம்பு, அதனருகே நம் இப்போதைய வேகம். வரம்பைத் தாண்டினால் எண் சிவக்கும். காரின் வேகமானி பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளை ஏற்ற நாடுகளில் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். ஜிபிஎஸ் சீரான வேகத்தில் அதைவிட நெருக்கமான எண்ணைத் தருகிறது. நம்மில் பலர் அபராதம் கட்டுவது வேண்டுமென்றே பறந்ததால் அல்ல. ஊர் எல்லை தொடங்கியதையும் வரம்பு இறங்கியதையும் கவனிக்காமல் போனதால். எனக்கு வந்த ஒரே அபராதம் அப்படித்தான் வந்தது. பலகை ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டது, நான் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தேன். அன்று என் காரில் உலகின் மிகச் சிறந்த டிடெக்டர் இருந்திருந்தாலும், இங்கே வரம்பு குறைந்துவிட்டது என்று அது சொல்லியிருக்காது. அந்த மூலையில் தெரியும் எண் சொல்லியிருக்கும்.

வேக வரம்பியும் குரூஸ் கன்ட்ரோலும்

இப்போதைய கார்களில் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும், ஆனால் பலர் தொட்டே பார்க்காத வசதி வேக வரம்பி. குரூஸ் கன்ட்ரோல் காரை ஒரே வேகத்தில் தானாக ஓட்டும். வரம்பி அப்படி ஓட்டாது. நாம்தான் ஆக்சிலரேட்டரை மிதிக்கவேண்டும், ஆனால் குறித்த வேகத்துக்கு மேல் கார் போகாது. நெரிசலிலும் ஊர்ச் சாலையிலும் பயன்படக்கூடியது இதுவே. அவசரத்தில் முந்தவேண்டியிருந்தால் மிதியை அடிவரை அழுத்தினால் கட்டுப்பாடு விலகிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் வேக வரம்பைக் கண்டறிந்து ஓட்டுநரை எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயமாகியிருக்கிறது. அது சில நேரம் பக்கச் சாலையின் பலகையைப் படித்துவிட்டுத் தவறான வரம்பைச் சொல்லும், அந்த எரிச்சல் நியாயமானது. கையால் நாமே வேகத்தைக் குறிக்கும் சாதாரண வரம்பியில் அந்தத் தொல்லை இல்லை.

முதல் வாரம் காலில் விலங்கு மாட்டியதுபோல் இருக்கும். இரண்டாவது வாரத்தில் ஒரு மாற்றம் தெரியும். கண் வேகமானிக்கும் சாலைக்கும் இடையே அலைபாய்வது நின்றுவிடும். கேமரா எங்கே, காவலர் எங்கே என்று தேடுவதும் நின்றுவிடும். ரேடார், லேசர், கம்பிச் சுருள், சராசரிக் கேமரா, பின்னால் வரும் காவல் வாகனம் என்று எதைக் கொண்டு அளந்தாலும் விடை ஒன்றுதான். மேலே சொன்ன மற்ற எந்த வழிக்கும் இந்த வீச்சு கிடையாது.

வேகத்தால் கிடைப்பது என்ன?

டிடெக்டரை வாங்குபவர் உண்மையில் வாங்குவது சில நிமிடங்களை. அந்த நிமிடங்களையும் எண்ணிப் பார்த்துவிடலாம். இருபது கிலோமீட்டர் சாலையை 100இல் ஓட்டினால் பன்னிரண்டு நிமிடம், 120இல் ஓட்டினால் பத்து. மிச்சம் இரண்டு நிமிடம், அதுவும் வழியில் ஒரு சிக்னல்கூட மறிக்காமல் இருந்தால்.

அந்த இரண்டு நிமிடத்துக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி, உலர்ந்த நல்ல சாலை, நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100இல் வரும் கார் நிற்க ஏறத்தாழ 97 மீட்டர் ஆகிறது. 120இல் வரும் கார் நிற்க 129 மீட்டர். இதைவிட என்னை உலுக்கிய எண் வேறு. 100இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை, 120இல் வந்த கார் இன்னும் மணிக்கு 77 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தால் என்ற எண்ணம் வந்தபிறகு எனக்கு அந்தக் காகிதத்தில் வேறு கணக்கு ஓடவில்லை. சாலையின் சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் நான்கு விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அப்படியானால் யார் வாங்கலாம்?

எவருமே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் அனுமதிக்கும் இடம், கேமராக்கள் குறைவு, நகரும் காவல் வாகனங்கள் ரேடாரை இயக்கியபடியே எதிர்த்தடத்தில் ரோந்து வரும் நீண்ட நெடுஞ்சாலைகள், மாதத்துக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் வேலை. இவை நான்கும் ஒருவருக்குச் சேர்ந்து அமைந்தால் டிடெக்டர் உண்மையாகவே உதவும். கவனம் சிதறி வேகம் சற்று ஏறிவிட்ட தருணத்தில், பல நூறு மீட்டருக்கு முன்பே அது தட்டி எழுப்பும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஓட்டும் ஒரு விற்பனைப் பிரதிநிதி அதைச் செலவுக்குத் தகுந்த பொருள் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். விலை மலிவான கருவி மட்டும் வேண்டாம். பொய் எச்சரிக்கைகளை வடிகட்டத் தெரியாத பெட்டி, என் நண்பருக்கு நேர்ந்ததைத்தான் உங்களுக்கும் செய்யும்.

நகரத்துக்குள் ஓட்டுபவர்கள், லேசரும் சராசரிக் கேமராவும் மிகுந்த இடங்களில் ஓட்டுபவர்கள், வருடத்துக்கு ஒருமுறை அபராதம் கட்டி அலுத்துப்போனவர்கள் என்று மற்ற எல்லோருக்கும் என் விடை தெளிவானது. அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். காரின் வரம்பியைப் பழகுங்கள், வரம்பையும் வேகத்தையும் காட்டும் செயலியைச் சட்டம் அனுமதிக்கும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அநியாயமாக அபராதம் வந்துவிட்டது என்று நினைத்தால், அளந்த கருவியின் அளவுத்திருத்தச் சான்றையும் படத்தையும் கேட்டு முறையாக எதிர்க்கலாம். பல நாடுகளில் அதற்கு வழி இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குச் சொல்ல ஓரிரு விஷயங்கள். கண்ணாடியில் துடைப்பான் மறைக்காத, முன்பக்கம் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் பகுதியில் எக்ஸ் பட்டை வழக்கில் இல்லையென்றால் அதை அணைத்துவிடுங்கள், கூச்சல் ஓரளவு குறையும். சத்தத்தை ஒருபோதும் முழுதாக அடக்காதீர்கள். அது கத்தும்போது முதலில் பிரேக்கை மிதிக்காதீர்கள். பின்னோக்கும் கண்ணாடியைப் பாருங்கள், பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பின்னால் வரும் லாரிக்காரரின் காதில் உங்கள் பெட்டியின் சத்தம் விழுந்திருக்காது.